இரண்டு சம்மட்டி, ஒரு பால் ஜாயிண்ட்

ஹில்க்காவின் கார் இருபத்தாறு வயதுக் கிழம். அதன் முன் வலது சக்கரத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயிண்ட் தேய்ந்து ஆடுகிறது என்று வாகனப் பரிசோதனை நிலையத்தில் எழுதிக் கொடுத்து, மாற்றிக்கொண்டு வர, தவறினால் வண்டியை ஓட்டக்கூடாது என்ற கண்டிப்போடு, ஒரு மாதம் தவணையும் கொடுத்திருந்தார்கள். அதில் இருபத்தொன்பது நாளை அவள் அக்கார்டியன் பயிற்சியில் தீர்த்துவிட்டாள். இன்று வியாழன், கடைசி நாள். மூன்று மணிக்குக் கதவை மூடினால், நடுக்கோடை விழா எல்லாம் முடிந்து திங்கட்கிழமைதான் திறப்பார்கள். நாளை மாலையோ தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கரை நடன மேடையில் அவள் வாசிக்க வேண்டும். வழக்கமாக வாசிப்பவர் கை ஒடிந்து படுத்ததால், அறுபத்தொரு வயதில் முதல்முறையாக அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் பஸ் கிடையாது.

புது ஜாயிண்ட் வாங்கி வைத்தாயிற்று. பழையதுதான் வரமாட்டேன் என்றது. அதைப் பிடுங்கி எடுக்க ஊரில் இருந்த ஒரே புல்லர் கருவியைப் பூட்டி வைத்துவிட்டு அதன் சொந்தக்காரர் வடக்கே மீன் பிடிக்கப் போய்விட்டார். நேற்றே சக்கரத்தைக் கழற்றி, எண்ணெய் ஊற்றி ஊற வைத்தாள். நட்டைக் கழற்றி, நுனியில் நாலு மரை மட்டும் மாட்டி வைத்தாள். பிர்ச் மரக் கழி ஒன்றை நெம்புகோலாகச் செருகி, அதன் முனையில் இரண்டு வாளி தண்ணீரைத் தொங்கவிட்டாள். இனி ஜாயிண்டின் தண்டு செருகியிருக்கும் இரும்புக் கண்ணைச் சுற்றி அடித்தால் போதும். அவளும் காலையிலிருந்து அடித்துக்கொண்டுதான் இருந்தாள். பனி உருகச் சாலையில் கொட்டிய இருபத்தாறு குளிர்காலத்து உப்பு இரும்பை ஒன்றோடொன்று கல்யாணம் செய்து வைத்திருந்தது.

செடிவேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு நீலோ பத்து மணியிலிருந்து ஒரே பலகைக்குச் சிவப்பு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். கேட்காமல் உதவிக்குப் போனால் ‘உனக்குக் கையாலாகாது’ என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். வேலையாய் இருக்கும் மனிதரைக் கூப்பிட்டால் தொந்தரவு செய்ததாகிவிடும். இப்படியே இரண்டே முக்கால் மணி நேரம் போயிற்று.

பன்னிரண்டே முக்காலுக்குச் சம்மட்டி நழுவி வாளியில் பட்டு, தண்ணீர் முழுக்க அவள் தலையில் கொட்டியது. அதோடு மரியாதையும் கரைந்தது.

“நீலோ! அந்தப் பலகைக்கு இது எத்தனாவது கோட்டு?”

“ஆறாவது.”

“காஞ்சிருச்சா?”

“எங்க காய விட்டேன்?”

“உங்ககிட்ட சம்மட்டி இருக்குமா?”

இலைகளுக்கு மேலே ஒரு சம்மட்டி எழும்பியது. “கையிலதான் இருக்கு. பத்து மணியிலேருந்து.”

“அப்போ வர்றதுக்கென்ன?”

“நீங்க கூப்பிடலையே.”

வாளியை மறுபடி நிரப்பினார்கள். ஹில்க்கா இடப்புறம், நீலோ வலப்புறம். கண்ணின் இரண்டு பக்கமும் ஒரே நொடியில் அடி விழுந்தால் துளை நசுங்கி விரியும், உள்ளே ஆப்பு மாதிரி இறுகியிருக்கும் தண்டு விட்டுப்போகும். ஒரே நொடியில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

“மூணு சொன்னதும் அடிங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு!”

டங். டங்.

“பிந்திட்டீங்க.”

“நீங்க முதல்ல அடிக்கட்டும்னு விட்டேன்.”

“இது என்ன காப்பிக் கடையா, வரிசையில நின்னு வழிவிட? ஒண்ணு, ரெண்டு, மூணு!”

டங். டங்.

“மறுபடியுமா!”

“பழக்கம். கை தானா நின்னுடுது.”

பத்து முறை அடித்தார்கள். பத்து முறையும் நீலோ அரை நொடி மரியாதை காட்டினார். ஹில்க்காவுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு மணி ஒன்றேகால் ஆனது, பிறகு வயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கியது. சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். நீலோவின் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

“இப்படி வச்சுக்குவோம்,” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நான் இங்க இல்ல. வீட்டுக்குள்ள காப்பி போட்டுக்கிட்டிருக்கேன். நீங்க தனியா அடிக்கிறீங்க.”

“தனியா இருந்தா நான் ஏன் அடுத்தவங்க காரை அடிக்கப் போறேன்?”

“திருடுறீங்க! சக்கரத்தைத் திருடுறீங்க! சீக்கிரம், வீட்டுக்காரி வந்துடுவா!”

நீலோ கண்ணை இறுக மூடிக்கொண்டார். “ஒண்ணு ரெண்டு மூணு” என்று அவரே கத்தினார். வாழ்நாளில் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

ஒரே டங். பிறகு துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கழி தரையில் மோத, வாளிகள் உருள, இருவரும் தொப்பென்று புல்லில் உட்கார்ந்தார்கள். ஜாயிண்டைத் தாங்கும் ஆர்ம் கண்ணை விட்டுக் கீழே இறங்கி நின்றது.

“வந்துடுச்சு,” என்றார் நீலோ, ஏதோ தவறு செய்துவிட்டவர் போல.

“திருடா! கெட்டிக்காரத் திருடா!”

ஜாயிண்டை ஆர்மோடு பிடித்திருந்த, காலையிலேயே தளர்த்தி வைத்திருந்த மூன்று போல்ட்டுகள் இப்போது வெண்ணெய் மாதிரி கழன்றன. புதிய ஜாயிண்ட் ஏறியது, நட்டு இறுகியது, சக்கரமும் மாட்டியாயிற்று. இரண்டு இருபதுக்குப் புறப்பட்டார்கள். ஈரத் தலையோடு ஹில்க்கா ஓட்ட, காயாத வர்ணம் அப்பிய கையை எங்கும் படாமல் தூக்கிப் பிடித்தபடி நீலோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே வந்தவர்களெல்லாம் அவர் தங்களுக்குத்தான் வணக்கம் வைக்கிறார் என்று பதிலுக்குக் கை காட்டினார்கள்.

மூன்று மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது பரிசோதகர் கடப்பாரையைச் சக்கரத்தடியில் விட்டு நெம்பினார். மறுபடி நெம்பினார். 

“ஆட்டமே இல்ல,” என்றார் அவர். “பாஸ்.”

ஹில்க்கா நீலோவின் இடுப்பைப் பிடித்து இழுத்து, எண்ணெய்த் தரையில் இரண்டு சுற்று சுற்றினாள். நீலோ அவள் முதுகில் சிவப்பாக ஐந்து விரல் பதித்துக்கொண்டு, அவள் காலை மிதிக்காமல் கூடவே சுற்றினார். வரிசையில் நின்ற மூன்று ஆண்கள் கூரையை உன்னிப்பாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

“ரெண்டு பேரும் வெளிய போய் ஆடுங்க,” என்றார் பரிசோதகர், தாளை நீட்டியபடி. “அடுத்த வண்டி உள்ள வரணும்.”