நாளைக்குக் கேட்கும் மேளம்

1936ஆம் ஆண்டில், கொட்டாஞ்சேனைக் கிளெமென்ற் எதை அடித்தாலும் சத்தம் மறுநாள் அதே நேரத்தில்தான் கேட்டது. அவன் கதவைத் தட்டினால் வீட்டார் அடுத்த நாள் திறப்பார்கள். வாசலில் ஆளில்லாததைப் பார்த்து, "நேற்றைக்குக் கிளெமென்ற் வந்திருக்கிறான்" என்று சாத்திவிடுவார்கள். இப்படிப்பட்டவன் கல்லூரியின் தாளவாத்தியக் குழுவில் சேர ஆசைப்பட்டான். அதில் பிறிஜெற் என்ற பெண் முக்கோணக் கம்பி அடித்ததுதான் காரணம். குழுவை நடத்திய பாதர் ஒஸ்வால்ட் கொஞ்சம் யோசித்து அவனிடம் பெரிய மேளத்தைக் கொடுத்தார்.

"பரிசளிப்பு வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு. நீ வியாழக்கிழமை அஞ்சுக்கே வந்து அடிச்சிற்றுப் போ. பிசகினா உனக்கு இடமில்லை."

வியாழக்கிழமை காலி மண்டபத்தில், சத்தமே இல்லாத மேளத்தை அவன் எண்ணி எண்ணி அடித்தான். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பிரதம விருந்தினரின் கார் ஒருகொடவத்தையில் பழுதாகி நின்றது. மேளமோ யாருக்கும் காத்திராமல் மேடையில் தானாக முழங்கத் தொடங்கியது. விருந்தினர் வராமல் தொடங்கும் வழக்கம் கல்லூரியில் இல்லை. ஒருவரும் அசையவில்லை. கிளெமென்ற் வெறுங்கையோடு வெளிறிப்போய் நின்றான்.

"இஸ்ஸதீன், எழும்பும்! தாளம் போகுது!" என்றாள் பிறிஜெற், கைத்தாளம் வைத்திருந்த பையனிடம்.

"பெரியவர் வரல்லையே?"

"அவர் வந்தா வரட்டும். இவர் அடிச்சது திரும்பி வருமோ?"

இஸ்ஸதீன் கைத்தாளத்தை மோதினான். மற்றவர்களும் சேர்ந்தார்கள். ஓரிடத்தில் மேளம் பதினாறு தாள அளவுகளுக்கு ஓய்ந்தது. அது முடியும் இடத்தில் பிறிஜெற் கம்பியை ஒரே ஒருமுறை, மிகச் சரியாக அடித்தாள். அந்நேரம் உள்ளே வந்த விருந்தினர், இது தமக்கான வரவேற்பு என்று தொப்பியைக் கழற்றினார். கிளெமென்றின் இடம் நிலைத்தது.

1940இல் கிளெமென்றுக்கும் பிறிஜெற்றுக்கும் திருமணம். மேளமும் கம்பியும் வீட்டுக்கு வந்தன. கதவு தட்டிப் பயனில்லாததால் அவன் வாசலில் நின்று சீழ்க்கை அடிப்பான்; அதைக் கேட்டு அவள் திறப்பாள். 1943இல் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு புதன்கிழமை சற்றுத் தணிந்தது.

"அந்தப் பரிசளிப்புத் தாளத்தை அடியுங்கோவன். நாளைக்குப் படுத்திருந்து கேக்கிறன்" என்றாள்.

மாலை நாலு மணிக்கு முழுவதையும் அடித்தான். வியாழன் விடிய அவள் இறந்துபோனாள்.

அன்று நாலு மணிக்கு, பெட்டியை மூடும் நேரத்தில், மேளம் உற்சாகமாக முழங்கியது. கொட்டாஞ்சேனைக்காரர் யாரும் திடுக்கிடவில்லை. பாதர் ஒஸ்வால்ட் காத்திருந்து, மேளம் ஓய்ந்த பதினாறு அளவுகளுக்குள் செபத்தைச் சொல்லி முடித்தார். அவளுடைய இடம் வந்தது. கிளெமென்ற் கம்பியை எடுத்து ஒருமுறை அடித்தான். ஒன்றும் கேட்கவில்லை.

"நாளைக்குக் கேக்கும் மச்சான்" என்றான் இஸ்ஸதீன். பெட்டியைத் தூக்கினார்கள்.

மறுநாள் நாலு மணி கடந்து ஏழாவது நிமிடம் கம்பி ஒலித்தது. அதே கணம் கிளெமென்ற் அடுத்த நாளுக்காக அடித்தான். பிறகு ஒரு நாளும் தவறவில்லை. பக்கத்து வீட்டு மாக்ரெட் அந்தச் சத்தத்துக்கே தேநீர்க் கேத்திலை அடுப்பில் வைத்தாள். அடியும் ஒலியும் ஒன்றாகவே விழுந்ததால், தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் அவனைச் சரியாகத் தாளம் போடும் ஒரு சாதாரண மனிதன் என்றே நினைத்தார்கள்.