இறக்கிய ஷட்டர்

கம்ப்ரசர் சத்தம் சம்பந்தத்துக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். காற்று குறைந்ததும் தானாகக் கிளம்பும். தடதடவென்று தொட்டியை நிரப்பும். கடைசியில் புஸ்ஸென்று மூச்சை விட்டுவிட்டு நிற்கும். முடிச்சூர் சாலையில் அந்தப் பட்டறை வாசலில் டிவிஎஸ்ஸை நிறுத்தியபோது, அந்த மூச்சு ஷட்டருக்கு உள்ளேயிருந்து வந்தது. ஷட்டர் தரைவரை இறங்கியிருந்தது. அதன்மேல் முந்தின நாள் சம்பந்தமே பசை தடவி ஒட்டிய நோட்டீஸ் இருந்தது: 'ஒரு நாள் அடையாளக் கதவடைப்பு. தென்புறநகர் டிங்கரிங் பெயிண்டிங் பட்டறை உரிமையாளர் நலச் சங்கம்.' நோட்டீசுக்குக் கீழே, ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடுக்கில், தின்னர் வாடை கசிந்துகொண்டிருந்தது.

தட்டினார். உள்ளே எல்லாம் நின்றது.

"யாரு?"

"செயலாளர்."

பிறகு இடுக்கு வழியாகவே பதில் வந்தது. "கூட்டிப் பெருக்கிகினு கீறோம்ணா."

"ஸ்ப்ரே கன்னால பெருக்கறியா?"

"ரெண்டே கதவுண்ணா. கல்யாண வண்டி. சத்தம் வராம அட்ச்சிட்றேன்."

சத்தம் வராமல் எப்படி அடிப்பாய் என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டார். இதற்கு முன்னால் பார்த்த பட்டறைகளிலும் இதே கதைதான். ஒருத்தன் ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்திருந்தான். இன்னொருத்தன் காரைத் தெருவிலேயே நிறுத்தி, "பட்டறை மூடிதான் கீது, பாத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே நடைபாதையில் தகட்டுப் பள்ளத்தில் பூசிய பட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கூட்டத்தில் கையைத் தூக்கச் சொன்னபோது இரண்டு கையையும் தூக்கினவர்கள் இவர்கள். கதவடைப்பு என்றால் கதவை அடைப்பது; வேலையை நிறுத்துவதாக யார் சொன்னது என்று அவர்களே ஒரு பொருள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

இதற்கா இத்தனை கூட்டம் போட்டோம் என்று இருந்தது அவருக்கு. முதல் கூட்டம் பேனரில் யார் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதிலேயே போயிற்று. அடுத்ததில் போண்டா ஆறிப்போய் வந்ததைப் பற்றிப் பேசினார்கள். அதற்கடுத்து வந்த கூட்டத்தில்தான், அதுவும் பாதிப் பேர் எழுந்து போனபிறகு, விஷயத்துக்கு வந்தார்கள். விஷயம் ரொம்பச் சின்னது. முன்பெல்லாம் அடிபட்ட வண்டி பட்டறைக்கு வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சர்வேயர் வருவார். நேரத்துக்கு வரமாட்டார், வந்தாலும் முகம் சுளிப்பார், காபி நன்றாக இல்லை என்பார். ஆனால் குனிவார். வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்ப்பார். இப்போது ஒரு கம்பெனி ஆளை நிறுத்திவிட்டு ஆப் வைத்துவிட்டது. வண்டிக்காரரே செல்போனைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து போட்டோ எடுக்க வேண்டும். ஆப் அதன்மேல் சிவப்பு வட்டம் போட்டு, இதைத் தட்டு, அதற்குப் பெயிண்ட் அடி என்று சொல்லிவிடும். ஆப்புக்குக் குனியத் தெரியாது. வண்டியைப் பிரித்தபிறகு ஒரு மனிதன் வந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் சங்கத்தின் கோரிக்கை.

அதைக் காட்டுவதற்கென்றே அமைந்தது போல சம்பந்தத்தின் பட்டறைக்கே நாகலக்ஷ்மியின் கார் வந்தது.

சேலையூரில் இருக்கும் பள்ளி ஆசிரியை. கேம்ப் ரோடு பக்கம் தண்ணீர் லாரி ஒன்று இடதுபுறம் உரசித் தள்ளியதில், காரின் வலது பின்சக்கரம் நடுத்தடுப்புக் கல்லில் போய் முட்டியிருந்தது. லாரி உரசிய இடம் பார்க்கக் கோரமாக இருந்தது. கல்லில் முட்டிய இடத்தில் ஒரு கீறல் மட்டும்தான். ஆப் கோரத்துக்கு வட்டம் போட்டது, கீறலை விட்டுவிட்டது. சம்பந்தம் தகட்டைத் தட்டி நிமிர்த்தி, பட்டி போட்டு, சாம்பல் நிறப் பிரைமர்வரை அடித்து முடித்தார். பிறகு ஏதோ உறுத்தவே, பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம்வரை நூல் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கம் நூல் டயரில் ஒட்டியது. மறுபக்கம் விரல் நுழைந்தது. பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சு, பின் ஆக்சில், வளைந்திருந்தது. நாகலக்ஷ்மியைக் கூப்பிட்டு அந்த நூலைக் காட்டினார். ஆப்புக்கு மறுபடி போட்டோ அனுப்பினார்கள். படத்தில் சேதம் எதுவும் தெரியவில்லை என்று நன்றி வணக்கத்தோடு பதில் வந்தது.

"புதன்கிழமை கதவடைப்பு வரைக்கும் பொறுங்கம்மா. கம்பெனி ஆபீசரு பந்தலுக்கே வர்றாரு. அவரு கண்ணு முன்னாடி இதே நூலப் பிடிச்சிக் காட்றேன். உங்களுக்கும் ஆக்சில் கெடைக்கும், எங்களுக்கும் ஒரு வழி பொறக்கும்."

அவள் சரியென்றுதான் சொன்னாள். பிறகு தினமும் போன் வர ஆரம்பித்தது. அவள் கணவர் கஸ்தூரிரங்கனுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. குரோம்பேட்டையில் டயாலிசிஸ். போகும்போது எப்படியோ போய்விடுகிறார்கள். திரும்பும்போதுதான் டாக்ஸிக்காரர்கள் ஒருத்தன் மாற்றி ஒருத்தன் கேன்சல் செய்கிறார்கள்.

"நேத்து அவரால நிக்க முடியல சார். ஆஸ்பத்திரி வாசல்ல, பிளாட்பாரத்துல உக்காந்துட்டார். உங்க சங்கத்துக்குக் கண்காட்சி வைக்கணும்னா உங்க காரை வைக்கலாமே?"

"எங்கிட்ட ஏதும்மா காரு. டிவிஎஸ்தான்."

அவள் சிரிக்கவில்லை. சம்பந்தமும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

கதவடைப்புக்கான பந்தல் பெருங்களத்தூர் பக்கம் காலி மனையில். பட்டறைகளைப் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகள்தான் நிறைய இருந்தன. சம்பந்தம் மைக்கைப் பிடித்துத் தொண்டை கட்டும்வரை பேசினார். எதிரே இருந்தவர்களில் பாதிப் பேர் பக்கத்துக் கட்டடத்தின் கொத்தனார்கள், நிழலுக்காக வந்தவர்கள். சங்கத் தலைவர் வடிவேலுவையே காணோம். சாப்பாட்டு நேரம் கழித்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவன் பைக்கில் வந்து இறங்கினான்.

"ஆபீசர் மீட்டிங்ல இருக்கார் சார். என்னை அனுப்பினார்."

"பரவால்ல. நீ வந்து பாரு போதும். வண்டி என் பட்டறைல நிக்கிது. பத்து நிமிஷத்துல எடுத்தாறேன்."

"வேணாம் சார், போட்டோ எடுத்தா போதும்னு சொல்லிருக்காங்க." சொல்லிக்கொண்டே பந்தலைச் சுற்றி வந்தான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கவாட்டில் இரண்டு. படத்தில் கொத்தனார்களும் விழுந்தார்கள். "அப்லோட் பண்ணிட்டேன் சார். பதில் வரும்."

சம்பந்தத்துக்குக் கெட்ட வார்த்தை நாக்குவரை வந்தது. அவனைப் பிடித்து உட்கார வைக்கச் சொல்லி யாரிடமோ கத்திவிட்டு டிவிஎஸ்ஸை மிதித்தார். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, அவன் தலையைப் பிடித்தாவது அடியில் விட்டுக் காட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

தன் பட்டறைக்குப் பக்கத்து மனையில் நிறுத்தியிருந்த கார் இல்லை. அது நின்ற இடத்தில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கற்கள் கிடந்தன. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். காரின் சாவி அதில்தான் இருந்தது. பட்டறையைத் திறந்தால், சுவரில் சாத்தியிருந்த பம்பரும் இல்லை. பட்டறையின் இன்னொரு சாவி வைத்திருந்த தன் பெயிண்டர் வினோத்குமாருக்குப் போன் போட்டார். அடித்து அடித்து நின்றது. பிறகு ஒரு மெசேஜ் வந்தது: 'வேலைல கீறேன் அண்ணா.'

கதவடைப்பு அன்று வேலை, அதுவும் நாகலக்ஷ்மியின் அவசரத்துக்கு. இந்த வட்டாரத்தில் வெப்ப அறை வைத்து ஒரே நாளில் பெயிண்ட் காயவைக்கிற பட்டறை ஒன்றுதான் இருந்தது. அது இரும்புலியூரில் தலைவர் வடிவேலுவின் பட்டறை.

அங்கேயும் ஷட்டர் ஒழுங்காக இறங்கியிருந்தது. நோட்டீஸ் மற்றவற்றைவிட நேராக ஒட்டப்பட்டிருந்தது. சம்பந்தம் தட்டவில்லை, பக்கத்துச் சந்து வழியாக உள்ளே போனார். கார் வெப்ப அறையிலிருந்து வெளியே வந்து நின்றது. பெயிண்ட் ஈரமில்லாமல் பளபளத்தது. வினோத்குமார் முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு, மண்டி போட்டு பம்பரை மாட்டிக்கொண்டிருந்தான். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் நாகலக்ஷ்மி கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

வடிவேலு எழுந்து வந்தார். கோவளத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. கடற்கரையில் கூப்பிட்டுப் பழகிய குரல், ரகசியம் பேசினாலும் தெருவுக்குக் கேட்கும். "வா சம்பந்தம். டீ சொல்லட்டா?"

"நம்ம ரூலு இன்னா தலைவரே?"

சங்கத்தில் இதுவரை யாரும் மீறாதது அந்த ஒரு விதிதான். ஒருத்தன் கைவைத்த வண்டியை இன்னொருத்தன் தொடுவதென்றால், முதல் பட்டறைக்காரன் கையால் சாவி வாங்க வேண்டும். பரம எதிரிகள்கூட அதை மட்டும் மீறியதில்லை.

"சாவிய மொதல் ஆளு கையால வாங்கணும்."

"நான் குட்தனா?"

"நீ குடுக்கல. அந்தம்மாகிட்ட இன்னொரு சாவி கீது, அதுல ஓட்டிகினு வந்துச்சு. உனுக்குப் போன் போட்டேன் சம்பந்தம். நீ மைக்ல கத்திகினு இருந்த. அந்தம்மா நின்னு அழுவுது. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

"நீ ஏன்டா வந்த?" என்று வினோத்குமாரைக் கேட்டார்.

அவன் பம்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினான். "வண்டி ஓனரே வந்து கேக்குறாங்க. தலைவரோட பெயிண்டரு பந்தலுக்குப் பூட்டாரு. பட்டி நம்ம போட்டதுண்ணா. கலர எவனாவது அட்ச்சிக் கெட்து வுட்டா, நம்ம பேருதானே கெடும்."

ஆளில்லாத பந்தலில் தொண்டை கிழியக் கத்திய நாளில், தன் பட்டறை வேலைதான் இவ்வளவு அக்கறையாக நடந்திருக்கிறது. சம்பந்தத்துக்கு யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை.

"ஆக்சிலு?" என்றார்.

வடிவேலு துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைக்க அதில் எதுவும் இல்லை. "ஆப்புல இன்னா போட்டு கீதோ, அத்தத்தான் பண்ணேன்."

"அதுக்குத்தான தலைவரே இன்னிக்கு ஷட்டரு எறக்கி கீறோம்?"

நாகலக்ஷ்மிதான் எழுந்தாள்.

"அவரைக் கேக்காதீங்க சார். எனக்குத் தெரியும், நீங்கதான் நூல் வச்சுக் காட்டினீங்களே. மெதுவாத்தான் ஓட்டப்போறேன். குரோம்பேட்டைக்குப் போய்ட்டு வரதுக்கு மட்டும்."

"மெதுவா போனாலும் திடீர்னு பிரேக் அட்ச்சா, பின்னாடி எந்தப் பக்கம் இழுக்கும்னு சொல்ல முடியாதும்மா. மழை பேஞ்சுதுன்னா சொல்லவே வேணாம். சாரும் உள்ள இருப்பாரு."

"புதன்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொன்னீங்க. இன்னைக்குப் புதன்கிழமை. யாராவது வந்து பார்த்தாங்களா?"

"ஒருத்தன் வந்தான். போட்டோ எடுத்துகினு போய்ட்டான்."

"என் காரையா?"

"பந்தல."

அவள் அவரையே பார்த்தாள். அடுத்து என்ன சொல்வாள் என்று பயந்து சம்பந்தம் முந்திக்கொண்டார். "நாளைக்கு வண்டிய வுடுங்க. கம்பெனி கிம்பெனி ஒண்ணும் வேணாம். திருமுடிவாக்கத்துல எனக்குத் தெரிஞ்ச ஆளுகிட்ட இதே மாடல் ஆக்சில் ஒண்ணு கெடக்குது, நல்ல கண்டிஷன்ல. நானே போட்டுத் தர்றேன். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்."

"நாளைக்கேவா?"

"ஆமாம்மா."

"அப்போ இதைப் போன வாரமே செஞ்சிருக்கலாமே சார்?"

வினோத்குமாரின் ஸ்க்ரூ டிரைவர் நின்றது. திருமுடிவாக்கத்து ஆக்சில் சம்பந்தத்தின் மனதில் முதல் நாளே வந்ததுதான். போட்டிருந்தால் நூல் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும். பிறகு பந்தலில் எதைக் காட்டுவது? இத்தனை வருடமாகக் கத்தியும் யார் காதிலும் ஏறாததற்கு, அடியோடு வளைந்த ஒரு சாட்சி கிடைத்திருந்தது. அதை நிமிர்த்த அவருக்கு மனம் வரவில்லை. இதை எந்த வார்த்தையில் சொன்னாலும் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்த ஆள்தான் நடுவில் வருவார்.

"செஞ்சிருக்கலாம்" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டுக் காருக்குள் ஏறினாள். சம்பந்தம் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, இறங்கியிருந்த கண்ணாடி வழியாக நீட்டினார். அவள் அதையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"நாளைக்குக் காலைல அவருக்கு டயாலிசிஸ். அது முடியட்டும்" என்றாள். சாவியை வாங்கவில்லை.

"சீக்கிரம்மா, எவனாச்சும் பாத்துட்டான்னா பேஜாரு" என்று வடிவேலு ஷட்டரைத் தூக்கினார். கார் பின்னால் வந்து திரும்பி, தெருவில் இறங்கியது. ஷட்டர் உடனே தடதடவென்று விழுந்தது. காருக்குப் பின்னாலேயே வெளியே வந்த சம்பந்தம் தெருவிலேயே நின்றுவிட்டார்.

அடுக்குமாடிக்குத் தண்ணீர் இறக்கிவிட்டு அப்போதுதான் ஒரு லாரி கிளம்பியிருந்தது. அது சிந்திய தண்ணீர் தெருவின் குறுக்கே பரவிக் கிடந்தது. நாகலக்ஷ்மி வேகத்தைக் குறைத்து அதில் இறங்கி ஏறினாள். பெயிண்ட் அருமையாகச் சேர்ந்திருந்தது. பழைய தகடு எது, அடித்தது எது என்று அவருக்கே தெரியவில்லை. கார் முனை திரும்பி ஜிஎஸ்டி சாலைப் பக்கம் மறைந்தது.

காய்ந்த தாரில் அது விட்டுப்போன ஈரத் தடங்கள் கிடந்தன. ஒழுங்கான வண்டியென்றால் முன்சக்கரம் போன வழியிலேயே பின்சக்கரமும் போயிருக்கும். பார்க்க இரண்டு கோடுதான் இருக்கும். இங்கே நான்கு இருந்தன, ஜோடி ஜோடியாக, ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரு விரல் விலகி. சம்பந்தம் சாவியைக் கையில் பிடித்தபடி முனைவரை அவற்றைப் பார்த்துக்கொண்டே போனார். வெயிலில் ஓரக் கோடுகள் முதலில் காய ஆரம்பித்தன. ஷட்டருக்குப் பின்னால் கம்ப்ரசர் மறுபடி கிளம்பியது.