பின் இருக்கைக்குக் கீழே

பெர்சியின் காலில் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் ஹெட்டிக்கு ஆபீஸில் தன்னிடம் கேட்ட அந்தக் கேள்விதான் முதலில் காதில் விழும். பிறகுதான் தம்பி பல்லைக் கடிப்பது கேட்கும்.

இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஒரு கார்த் தொழிற்சாலையின் வரைபட அறையில் ஒன்பது பெண்கள். ஆண்கள் பென்சிலால் வரைந்ததை மெல்லிய துணியில் மையால் படியெடுப்பது அவர்கள் வேலை. அபிப்பிராயம் சொல்வது வேலையில்லை. மை காய்ந்துவிட்டதா என்பதைத் தவிர ஆறு வருஷமாக ஹெட்டியிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

போன வசந்தத்தில் ஒரு நாள் தலைமை வடிவமைப்பாளர் ஹால்ஸ்டெட் அவள் மேசையருகே வந்து நின்றார்.

“மிஸ் லார்க்கம், பெட்ரோல் தொட்டியைப் பின்னாடி வெக்கலாம்னு இருக்கேன். கார் வாங்குற முதலாளியம்மா சீட்டுக்கு நேர் கீழ. உங்களையே ஒரு சீமாட்டின்னு வெச்சுக்குங்க. அதுமேல உக்காருவீங்களா?”

மற்ற எட்டுப் பேனாக்களும் நின்றன. ஹெட்டி ஒரு கணம் அந்தக் காரில் ஏறிக்கொண்டாள். மடியில் ரோமப் போர்வை, கையுறை, ஜன்னலுக்கு வெளியே நகரும் மரங்கள்.

“மாட்டேன் சார். துணியெல்லாம் நாத்தமடிக்கும். பயமாவும் இருக்கும்.”

“அப்ப டிரைவர் சீட்டுக்குக் கீழ?”

“அது பரவாயில்ல சார்.”

“நானும் அதான் நெனச்சேன். அங்கன்னா பெட்ரோல் தானா இறங்கும், பம்ப் அடிக்க வேண்டாம்.” சந்தோஷமாகப் போனார்.

அந்தத் தொட்டியை அவளே படியெடுத்தாள். ஒரு கோடுகூடப் பிசகவில்லை. அதன்மேல் உட்காரப்போகிறவன், தினமும் காலையில் தன் எதிரே ரொட்டியைத் தேநீரில் முக்கித் தின்கிற சோதனை ஓட்டுநரான தம்பிதான் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

அக்டோபரில், ஒரு செங்குத்தான மேட்டில், தொட்டியின் இணைப்பு விரிந்து, கொதிக்கும் புகைக்குழாயில் பெட்ரோல் சொட்டியது. பெர்சி குதித்துவிட்டான். அதற்குள் கால்சட்டை பற்றிக்கொண்டிருந்தது.

“மெதுவாக்கா! என் தோலையும் படியெடுக்கப் போறியா?” என்றான் இப்போது.

“ஆடாம இருடா.”

“எந்த மடையன் அதை எனக்குக் கீழ வெச்சான்னு ஆபீஸ்ல கேட்டியா? அவனைத் தூக்கி அதுமேல உக்கார வெக்கணும்.”

அன்று மாலைதான் திருத்திய வரைபடம் அவள் மேசைக்கு வந்திருந்தது. தொட்டி பின் இருக்கைக்குக் கீழே போய்விட்டது. மாற்றத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் ‘முன் இருக்கையின் உயரத்தைக் குறைக்க’ என்று இருந்தது. தீயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதையும் அழகான எழுத்தில் மையிட்டுவிட்டு வந்திருந்தாள். அந்த ஒரு வரியை எழுதிய கையாலேயே அவன் காலைத் தொட முடியவில்லை.

“மடையன் இல்லடா. நான்தான்.”

எல்லாவற்றையும் சொன்னாள். சீமாட்டியாக வைத்துக்கொள்ளச் சொன்னதை, பரவாயில்லை என்றதை. சொல்லும்போது அது சின்ன விஷயம்போல ஒலித்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பெர்சி முழங்கையை ஊன்றி நிமிர்ந்தான்.

“பின் சீட்டுல உக்காந்தியா, அப்ப?”

“மனசுலதான்.”

“எப்படி இருந்துச்சு?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் இதற்குமேல் அவனிடம் ஒன்றை மறைக்க அவளால் ஆகாது.

“நல்லா இருந்துச்சு,” என்றாள்.

பெர்சி, கட்டுப்போடுவதற்காக அவள் மடியில் நீட்டியிருந்த காலை, வலிக்காமல், மெல்ல இழுத்துக்கொண்டான்.