ஒன்பதாம் இலக்கம்

“மெஷின்ல பிழை இல்ல. நீங்க கேட்டதுதான் பிழை. அதுக்குப் புடிக்க ஏலுறது ஏழு இலக்கம். நீங்க ஒம்பது கேட்டீக்கிறீங்க.”

“ஒன்பதோ? நான் அப்பிடியோ குத்தினனான்?”

“பாருங்களே. ஒங்கட கையாலதான்.”

கொழும்பிலிருந்து திரும்பி வந்த துளையட்டைக் கட்டை மஹ்மூத் மேசையில் வைத்தான். கமலாசனி கட்டிலிருந்து அவன் சொன்ன அட்டையை உருவி வெளிச்சத்துக்குப் பிடித்தாள். துளைகள் அவளுக்கு எழுத்துப் போலத்தான். சந்தேகமே இல்லை, ஒன்பது.

இருவரும் பேராதனையில் கணித ஆய்வு மாணவர்கள். வளாகத்தில் கணக்கை அட்டைகளில் துளைகளாகக் குத்தும் இயந்திரம் மட்டும் உண்டு; அவற்றை ஓட்டும் கணினிக்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும், அதுவும் முறை வைத்து. மண் அணையின் அடியால் நீர் எப்படிக் கசிகிறது என்பது அவளுடைய ஆய்வு. அணையைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு புள்ளிக்கும் அயலிலுள்ள நான்கு புள்ளிகளின் சராசரியைப் போட வேண்டும். எண்கள் அசையாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். எத்தனை இலக்கம்வரை அசையாமல் நின்றால் போதும் என்று சொல்வது அந்த ஒரு அட்டை. இவள் கேட்ட நுணுக்கம் கணினியின் சக்திக்கு அப்பாற்பட்டது. ஏழாம் இலக்கம் கூடியும் குறைந்தும் ஆட, அது ஓயாமல் சுற்றி, அவளுக்குக் கிடைத்த நேரம் முழுவதையும் தின்றுவிட்டது. கட்டோடு வந்த அச்சுத்தாளில் விடை வரவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது.

“யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு எல்லாத்திலயும் ரெண்டு கூட வேணும்” என்றான் மஹ்மூத்.

“மற்ற ஆக்களை விட மாக்ஸ் கூட எடுத்தாத்தானே தமிழாக்களைக் கெம்பஸுக்குள்ள விடுறாங்கள்.”

அவன் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டான்.

எழுபத்தேழாம் ஆண்டு, ஆவணி. கண்டியில் கலவரத்தில் தமிழர் கடைகள் எரிந்த வாடை இன்னும் போகவில்லை. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து ஓடிவந்தவர்கள் கோயில் மடத்தில் கிடந்தார்கள். தமிழ் மாணவர்களை வடக்கே ஏற்றிப்போக நாளைக் காலை பஸ் வருகிறது. மாத முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் கமலாசனியின் பதிவு ரத்து. தவணை ஏற்கெனவே நீடித்துக் கொடுத்தாயிற்று.

அவள் கதிரையை இழுத்துப் போட்டு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். புது அட்டை ஒன்றைச் செருகிக் குத்தினாள்.

“அஞ்சா?” மஹ்மூத் எட்டிப் பார்த்தான்.

“காணும். மண்ணுக்குள்ள போற தண்ணி அதுக்கு மேல கணக்குப் பாக்காது.”

அட்டையை உரிய இடத்தில் வைத்துக் கட்டுக்கு ரப்பர் வளையம் போட்டாள். பிழை திருந்திவிட்டது. ஆனால் புதிதாக விண்ணப்பித்தால் முறை கார்த்திகையில்தான் வரும். இந்த வெள்ளிக்கிழமை முறை உள்ளவன் மஹ்மூத் ஒருவன். அவனுடைய பைக்குள் அவனுடைய அட்டைக் கட்டு இருந்தது. அதுவும் ஓர் ஆய்வேடு, அதற்கும் அதே மாத முடிவு. ஒரு முறைக்கு ஒரு கட்டுத்தான் ஓடும்.

“கொழும்புக்குப் போற வழியில ஆமிக்காரன் மறிச்சா உந்த அட்டையள் என்னெண்டு சொல்லுவீங்கள்?”

“கலியாணக் கார்டுண்டு சொல்ற. எலி கடிச்சிட்டாம்.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இந்த வாரத்தில் முதல் தடவை. பிறகு எழுந்து தன் கட்டை இரண்டு கைகளாலும் அவன்முன் நீட்டினாள்.

“கேக்கக் கூடாததுதான், மஹ்மூத். வெள்ளிக்கிழமை உங்கடையை ஒரு பக்கம் வச்சிட்டு, என்ரையை ஓட்டித் தருவீங்களோ?”