மாப்பிள்ளையின் கண் நிறம்

தான் எடுத்த நிச்சயதார்த்தப் படங்களைக் கணினியில் திறந்ததும் அஃப்ஷீனுக்கு எரிச்சல்தான் வந்தது. ஸ்ரீரங்கத்தில் அந்த மண்டபத்துக்குள் வெளிச்சம் போதாமல், கேமராவின் ஒளி உணரும் திறனான ஐஎஸ்ஓவை ஏற்றி எடுத்த படங்கள். இருட்டான இடங்களிலெல்லாம் பொடி மணல் தூவியதுபோல் நாய்ஸ். முகங்களில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள்.

பாலக்கரையில் மாடியில் இருந்தது அவள் ஸ்டூடியோ. கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு படமாக நாய்ஸைக் குறைத்தாள். ரொம்பக் குறைத்தால் முகம் மெழுகுபொம்மை மாதிரி ஆகிவிடும். பார்த்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். புள்ளிகள் மறைந்தன. மாப்பிள்ளை தமிழ்மணியின் கண்வெள்ளையில் இருந்த மஞ்சள் மட்டும் அப்படியே நின்றது.

மண்டபத்து பல்பின் நிறமாக இருக்கும் என்று நினைத்தாள். நிறம் ஒப்பிடுவதற்காக முதல் படத்தில் மணப்பெண் வைஷ்ணவியைப் பிடிக்கச் சொல்லியிருந்த சாம்பல் நிற அட்டையை வைத்து நிறத்தைச் சரிசெய்தாள். மல்லிகை வெள்ளையானது. வேட்டி வெள்ளையானது. வைஷ்ணவியின் கண்ணும் வெள்ளையானது. அவன் கண் ஆகவில்லை.

மானிட்டர்மேல் சந்தேகம் வந்தது. நிறம் அளக்கும் கருவியைத் திரையில் மாட்டி, திரையின் நிறங்களை மறுபடியும் சரிபார்த்தாள். திரையில் குறையே இல்லை. அப்படியென்றால் மஞ்சள் அவன் கண்ணிலேயேதான் இருக்கிறது.

தமிழ்மணிக்கு போன் போட்டு, ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னாள். திருவெறும்பூரிலிருந்து வேலை முடிந்த கையோடு வந்தான். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"லைட் சரியில்லக்கா. நீங்களே சொன்னீங்களே."

"லைட்டா இருந்தா எல்லார் கண்ணும் இப்படி இருக்கணும் தம்பி. டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

அவன் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தான்.

"மஞ்சக்காமாலைதான்னு நாட்டு மருந்து சாப்பிடறேன். கல்யாணம் முடியட்டும், பாத்துக்கலாம். இப்ப தெரிஞ்சா அவங்க வீட்டுல நிறுத்திடுவாங்க. இத மாத்த முடியாதாக்கா?"

முடியும். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணை மட்டும் தேர்ந்தெடுத்து மஞ்சளைக் குறைத்துக் காட்டினாள். சொடுக்குப்போடும் நேரம்கூட ஆகவில்லை. திரையில் இருந்தவன் ஆரோக்கியமாகச் சிரித்தான்.

"பாத்தீங்களா, சரியாயிடுச்சு," என்றான் தமிழ்மணி, நிஜமாகவே நோய் தீர்ந்துவிட்டவன்போல. அந்தச் சந்தோஷம் அவளைப் பயமுறுத்தியது. செய்ததை உடனே அழித்தாள்.

"மாத்தித் தர மாட்டேன். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நீங்களே வைஷ்ணவிகிட்ட சொல்லுங்க. இல்லன்னா படத்த அப்படியேதான் அனுப்புவேன்."

"சரிக்கா," என்று தலையாட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அவள் போனை அவன் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் வைஷ்ணவியே ஸ்டூடியோவுக்கு வந்தாள். "படம் எல்லாம் வீணாயிடுச்சாமேக்கா? அவர் சொன்னார்."

அஃப்ஷீன் தயங்கினாள். அடுத்தவர் உடம்பைப் பற்றிப் பேச தனக்கு என்ன உரிமை? அவன் கண்ணை மாற்றாத படத்தைத் திறந்து வைத்தாள்.

வைஷ்ணவி குனிந்து பார்த்தாள். அவன் கண்ணை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இது கேமராவாலயா?"

"இல்லம்மா."

வைஷ்ணவி அங்கேயே நின்று அவனுக்கு போன் செய்தாள். எடுத்தது அவன் தாய் காளியாயி. காலையில் அவன் ரத்தமாக வாந்தி எடுத்தான், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், யாரையும் அடையாளம் தெரியாமல் ஏதேதோ பேசுகிறான் என்று அழுதாள். அஃப்ஷீன் வண்டிச் சாவியை எடுத்தாள்.

ஈரல் பாதிக்குமேல் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். நாட்டு மருந்தாலா, அதற்கு முன்பேயா என்று சொல்ல முடியாதாம். கல்யாணத் தேதி கடந்து போயிற்று. தமிழ்மணி இன்னும் அதே வார்டில்தான் கிடக்கிறான். வைஷ்ணவி தன் வீட்டுக்குத் தெரியாமல் தினமும் போய், ஜன்னலோரம் அவன் முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் கண்ணைப் பார்க்கிறாள்.