தூசி எழும்பாத கல்

என் அண்ணனுக்குச் சட்டை மாட்டவே மூச்சு வாங்கியது. கையை உள்ளே விடுவதற்குள் இரண்டு முறை நின்றுவிடுவார். பதினாறு வருடம் நடைபாதைக் கல் அறுத்தவர். நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய டாக்டர், "உள்ள போன கல்தூசி இனி வெளிய வராது. மேற்கொண்டு போகாம பாத்துக்கங்க" என்றார்.

அண்ணனின் பெட்ரோல் மெஷின் என் கைக்கு வந்தது. வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே! அண்ணியும் நான் வேலைசெய்யும் இடத்திலேயே கல் எடுத்துக்கொடுக்கும் வேலைக்கு வந்தார்.

அப்போது ஒரு கடைத்தெருவில் நடைபாதை போட்டுக்கொண்டிருந்தோம். முதல் கல்லை அறுத்ததும் வெள்ளையாகக் கிளம்பிய தூசி நேரே எதிர்த் தையல்கடைக்குள் புகுந்தது. தையல்காரர் துணிகளை உதறியபடி என் ஏழு தலைமுறையையும் விசாரித்தார். மெஷினை நிறுத்தியதும் அண்ணி குனிந்து பார்த்தார். பிளேடுக்கு மேலிருந்த மூடியில் சின்ன மூக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, இது எதுக்கு?"

"தண்ணிக் குழாய் மாட்டறதுக்கு அண்ணி. யாரும் மாட்டறதில்ல."

"பதினாறு வருசமா இது இங்கயேதான் இருந்துச்சா?"

அந்த மூக்கில் அடைத்திருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தேன்.

மறுநாள் காலை அண்ணி, செடிக்கு மருந்தடிக்கிற கைப்பம்பு டேங்க் ஒன்றைப் புதிதாக வாங்கி, நீளக் குழாயோடு தூக்கிக்கொண்டு வந்தார். எங்களை வேலை வாங்கும் மேஸ்திரி சிரித்தார்.

"தண்ணி விட்டா சேறாகும், வேலை இழுக்கும். அடுப்படி யோசனையெல்லாம் இங்க வேணாம்மா."

அண்ணி நேரே எதிர்க்கடைக்குப் போனார். தையல்காரரிடம் இரண்டு கறுப்புத் துண்டுத்துணி கேட்டு வாங்கினார். ஒன்றைப் பத்தடி தள்ளிக் கயிற்றில் தொங்கவிட்டு, "எப்பவும்போல ஒரு கல்லு அறுங்க தம்பி" என்றார். அறுத்து முடிப்பதற்குள் துணி மாவில் புரட்டியதுபோல் ஆனது. பிறகு அடுத்த துணியைத் தொங்கவிட்டார். குழாயை மாட்டி, பம்பை அடித்து, பிளேடின் இரண்டு பக்கமும் தண்ணீர் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அறுத்தேன். சாம்பல் நிறச் சேறு என் காலடியில் வழிந்தது. துணி கறுப்பாகவே இருந்தது.

தையல்காரர்தான் இரண்டையும் கொண்டுபோய் மேஸ்திரியின் மூக்குக்கு நேரே பிடித்தார். "இதுல எது உங்க நெஞ்சுன்னு நீங்களே சொல்லுங்க."

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "சரி சரி, மாட்டித் தொலைங்க."

அண்ணி அதோடு விடவில்லை. "காஞ்சா மறுபடியும் தூசிதான்" என்று சேற்றை ஈரமாகவே வழித்து அள்ளவைத்தார். அவர் வாங்கித்தந்த முகக்கவசம் என் தாடியால் முகத்தோடு ஒட்டவில்லை என்பதையும் கண்டுபிடித்துவிட்டார். "தாடியா மூச்சா, முடிவு பண்ணுங்க தம்பி." மழித்துவிட்டு வீட்டுக்குப் போனால், என் மனைவி கதவைப் பாதி திறந்து "யார் வேணும்?" என்றாள்.

ஒரு மத்தியானம் டேங்கில் தண்ணீர் தீர்ந்தது. மிச்சம் இரண்டே கல். அறுத்துவிடலாம் என்று தொடர்ந்தேன். தூசி கிளம்பியது. அண்ணி ஓடிவந்து, என் பார்வை படும் தூரத்தில் நின்று இரண்டு கையையும் உயர்த்தினார். நிறுத்தினேன்.

"ரெண்டு கல்லுதானே அண்ணி?"

"உங்க அண்ணனும் இதையேதான் சொல்வாரு. ரெண்டு ரெண்டா சேந்துதான் அந்தப் படத்துல இருந்துச்சு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். டேங்கைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு நடந்துவிட்டார். அவர் திரும்பிவரும்வரை மெஷின்மேல் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த மாதம் பக்கத்துத் தெருவில் வேலை பார்க்கிறவர்களிடம் மேஸ்திரி, "தண்ணி இல்லாம என் ஆளு மெஷினத் தொடமாட்டான்" என்று அளந்துகொண்டிருந்தார், ஏதோ தன் மூளையில் உதித்ததுபோல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பேரு அவருக்கே இருக்கட்டும் தம்பி. தூசிதான் யாருக்கும் வேணாம்" என்றார் அண்ணி.

அண்ணனின் நெஞ்சு பழையபடி ஆகவில்லை. ஆனால் அடுத்த படத்தில், "கூடல" என்றார் டாக்டர். அந்த ஒரு சொல்லை அண்ணி வழியெல்லாம் அண்ணனிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாராம்.

மாதக்கணக்கில் நடந்த கடைத்தெரு வேலையின் கடைசி நாள் அண்ணன் வந்து தையல்கடைக்குள் உட்கார்ந்தார். நான் அறுக்க, அண்ணி பம்பு அடிக்க, பார்த்துக்கொண்டே இருந்தார். மெஷின் நின்றதும் அண்ணியிடம் சொன்னார்:

"நான் அறுத்த காலத்துல எதிர்ல யாரு நிக்கறாங்கன்னே தெரியாது. இன்னிக்கு உன் முகம் நல்லாத் தெரிஞ்சுது."