ஐம்பத்தைந்து டிகிரி

உலகம் இன்னும் கவிழாமல் நிற்பதற்குக் காரணம் நாலு நேர்மையானவர்கள்தான் என்பது ஓய்வுபெற்ற எடையளவு இன்ஸ்பெக்டரின் அசைக்க முடியாத கருத்து. மற்ற மூவர் யாரென்று அவர் சொன்னதில்லை. தராசுத் தட்டின் அடியில் ஒட்டிய மெழுகைத் தேடித் தேடி முப்பது வருஷம் ஓட்டியவர். கடைக்காரர்கள் வைத்த பெயர் ‘முள்ளு’. பொய்யாக ஒரு கோடு கிழித்ததில்லை என்பார், யாரும் கேட்காதபோதும்.

அவர் மனைவிக்கு வலது முழங்கால் மூட்டை மாற்றினார்கள். அவளுக்கு ஆசை ஒன்றுதான். எதிர்க் கட்டடத்தில், லிஃப்ட் இல்லாத நாலாவது மாடியில், ஜன்னலோரம் படுத்த படுக்கையாகக் கிடந்த அக்காவின் பக்கத்தில் ஒரு பொழுதாவது உட்கார வேண்டும். அக்கா இந்த வருஷத்தைத் தாண்டமாட்டாள் என்று சொல்லியிருந்தார்கள். இருவரும் ஜன்னலுக்கு ஜன்னல் கையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது பிசியோதெரபிப் பெண் கறாராகச் சொன்னாள்: “ஆபரேஷன் பாதி வேலைதான் சார். மீதி உங்க கையில. ஆறு வாரத்துக்குள்ள மடக்கிப் பழக்கிடணும். விட்டா உள்ள தழும்பு இறுகிடும். தினம் மூணு வேளை. அரை மணி முன்னாடி வலி மாத்திரை. முழங்காலுக்கு அடியில தலையணை மட்டும் வைக்கவே கூடாது. மாடி ஏறி இறங்க தொண்ணூறு டிகிரியாவது வேணும்.” செய்த வேளைக்கெல்லாம் டிக் போட ஓர் அட்டவணையும் கொடுத்தாள்.

“அளவு விஷயத்தை எனக்கே சொல்லித் தர்றியாம்மா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

வீட்டில் அவரே டாக்டர். “மாத்திரை பழகிடும், பாதி போதும்” என்று உடைத்துக் கொடுத்தார். குதிகாலைப் பிடித்து மடக்கினார். அவள் தலையணையைக் கடித்துக்கொண்டாள். நாலாம் நாள் கடிக்கவும் தெம்பில்லாமல், “என்னங்க, கொன்னுடாதீங்க” என்றாள். காலில் விழுந்த கடைக்காரர்களிடம் ஒரு நாளும் இளகாத கை, தளர்ந்தது.

“சரி, நாளைக்குச் சேத்து மடக்கிக்கலாம்” என்று அந்தத் தலையணையையே அவள் முழங்காலுக்கு அடியில் மெதுவாகச் சொருகினார். அவள் முகம் தெளிந்தது. நாற்பது வருஷத்தில் தன்னால் அந்த முகத்துக்கு இப்படியொரு நிம்மதி வந்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. டிக் போட்டார். மறுநாளும் போட்டார்.

ஆறு வாரம் கழித்து பிசியோதெரபிப் பெண் காலை அளந்தாள்.

“ஐம்பத்தஞ்சு.”

“அந்தக் கருவிக்கு முத்திரை இருக்கா? கடைசியா எப்ப சரிபார்த்தீங்க?”

இன்னொரு தடவை அளந்தாள். ஐம்பத்தைந்துதான். அட்டவணையைப் பார்த்தாள். நூற்று இருபத்தாறு டிக், ஒரே சாய்வில்.

“சார், வலி தாங்கலைன்னு ஒரு போன் பண்ணியிருந்தா மாத்திரையை மாத்திக் கொடுத்திருப்போமே.”

இன்ஸ்பெக்டர் பேனாவைச் சட்டைப் பையில் இன்னும் ஆழமாகச் செருகினார்.

“அவரை ஒண்ணும் சொல்லாதம்மா, நான்தான் அழுதேன்” என்றாள் மனைவி. “மாடி ஏறலாம்ல? மெதுவா, ஒவ்வொரு படியா?”

பதிலை டாக்டர்தான் சொன்னார். மயக்கம் கொடுத்து மடக்கிப் பார்க்கலாம், ஆனால் அவள் இதயம் இன்னொரு மயக்கத்தைத் தாங்காது. இடது முழங்காலும் தேய்ந்திருக்கிறது. நாலு மாடியை மறந்துவிடுவது நல்லது.

வீடு வந்ததும், ஜன்னல் பக்கம் திரும்பாமலே, “நீங்க போய் அக்காகிட்ட சொல்லிடுங்க. எனக்காகப் பாத்துட்டே இருக்க வேணாம்னு” என்றாள்.

அவர் ஏறினார். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, துடைத்து, முதுகுக்குத் திண்டு வைத்துத் தயாராக இருந்தது. உட்காரப் போனவரை அக்கா தடுத்தாள்.

“அதுல வேணாம் மாப்ள, அது அவளுக்கு. எப்ப வர்றா?”

இன்ஸ்பெக்டர் நாற்காலியையே பார்த்தார்.

“அடுத்த வாரம், அண்ணி.”

அக்கா சிரித்தபோது ஆளே பாதியாகிப்போனது தெரிந்தது. இரண்டு ஆரஞ்சுகளை எடுத்து நீட்டினாள். “சின்னது உங்களுக்கு. பெருசை அவகிட்ட கொடுங்க.”

அக்கா தூங்குகிறாள், சொல்ல முடியவில்லை என்று அவளிடம் சொல்லிவிடலாம்; பழத்தோடு போனால் அது எடுபடாது. இரண்டாவது மாடித் திருப்பத்தில், படியில் உட்கார்ந்து, இரண்டையும் அவரே தின்றார்.